எச்சரிக்கை: 24 கிலோ என்று வந்த கெட்டில்பெல், 40 கிலோ என்று வந்த மணல் பை

16 கிலோ, 24 கிலோ வார்ப்பிரும்பு கெட்டில்பெல் (கைப்பிடி வைத்த எடைக் குண்டு) இரண்டு, 40 கிலோ மணல் பை ஒன்று, எல்லாம் சேர்த்து ‘ஹோம் ஜிம் செட்’ என்று இணையத்தில் ஓடுகிற ஒரு விற்பனையைப் பற்றிய பதிவு இது. செட் வந்து சேர்ந்தது. எடை போட்டோம், அளந்தோம், பையைப் பிரித்துப் பார்த்தோம். மூன்றில் ஒன்றுகூடச் சொன்னபடி இல்லை. வீட்டில் பயிற்சி செய்பவர்கள் பெரும்பாலும் தனியாகச் செய்கிறார்கள். பக்கத்தில் குழந்தைகள் ஓடும். கைப்பிடி கழன்று பறந்தால் தடுக்க ஆள் இல்லை. அதனால்தான் விவரமாக எழுதுகிறோம்.

முதலில் எடை. 16 என்று அச்சிட்டது 14.7 கிலோ. 24 என்று அச்சிட்டது 21.9 கிலோ. வார்ப்பில் இருநூறு முந்நூறு கிராம் முன்னே பின்னே வருவது சகஜம், அதைக் குறை சொல்ல மாட்டோம். இரண்டு கிலோ குறைவது தவறி நடந்ததல்ல. கெட்டில்பெல் கிலோ கணக்கில் விலை போகிற சாமான். குறைகிற ஒவ்வொரு கிலோவும் நேராக விற்றவர் பைக்குப் போகிறது. பயிற்சிக் கணக்கும் கெடும். இந்த எடைகள் ரஷ்யாவின் பழைய ‘பூட்’ அளவிலிருந்து வந்தவை. ஒரு பூட் 16.38 கிலோ. 16, 24, 32 என்பவை ஒன்று, ஒன்றரை, இரண்டு பூட். அந்தப் படிகளை நம்பித்தான் வாராந்திரத் திட்டம் போடுகிறோம். 21.9-ஐ 24 என்று நினைத்துப் பத்து முறை ஸ்நாட்ச் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) செய்து பழகியவர், நிஜமான 24 கையில் கிடைத்ததும் அதே பத்துக்குப் போனால் தோள்பட்டையில்தான் அடி வாங்குவார்.

எடை பார்க்க வீட்டில் ஏறி நிற்கிற மெஷினை நம்ப வேண்டாம். பழைய இரும்புக் கடையிலோ அரிசி மண்டியிலோ பிளாட்பாரத் தராசு இருக்கும். அதில் தொழிலாளர் துறையின் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பெட்டியிலிருந்து எடுத்த கையோடு கொண்டுபோய் வையுங்கள். தராசின் எண்ணும் கெட்டில்பெல்லில் அச்சிட்ட எண்ணும் ஒரே படத்தில் விழுகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பேசும்போது அந்த ஒரு படம் போதும்.

அடுத்து, எதனால் செய்தது என்பது. வந்த 24 கிலோ முழுக்கக் கறுப்பு வினைல் உறை போர்த்தியிருந்தது. உருண்டையின் நடுவில் இன்ச் டேப்பைச் சுற்றினால் 80 சென்டிமீட்டர். அங்கேயே விஷயம் உடைந்துவிட்டது. வார்ப்பிரும்பு ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 7.2 கிலோ, சிமென்ட் கான்கிரீட் ஏறத்தாழ 2.4 கிலோ. 24 கிலோ இரும்பு மூன்றே கால் லிட்டர் சொச்சத்தில் அடங்கிவிடும். சுற்றளவு 58 சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டும். 16 கிலோ என்றால் 50. அதே 24 கிலோவைச் சிமென்டில் கொண்டுவர பத்து லிட்டர் வேண்டும். 80 சென்டிமீட்டர் உருண்டை இரும்பாக இருக்க வழியே இல்லை.

காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். பாதி சரி. உருண்டையில் காந்தம் ஒட்டவில்லையென்றால் சந்தேகப்படலாம்தான், ஆனால் வினைல் தடிமனாக இருந்தால் உள்ளே நல்ல இரும்பு இருந்தாலும் பிடிப்பு குறையும். கைப்பிடியில் வைத்துப் பார்ப்பது வீண். சிமென்ட் கெட்டில்பெல்லிலும் கைப்பிடி இரும்புக் குழாய்தான், டக்கென்று ஒட்டும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் தண்ணீர். ஒரு வாளியை விளிம்பு வரை நிரப்பி அகலமான டப்பில் வையுங்கள். கெட்டில்பெல்லை மெல்ல முழுக்க இறக்குங்கள். வழிந்த தண்ணீரை லிட்டர் குவளையால் அளங்கள். 24 கிலோ இரும்புக்கு மூன்றரை லிட்டருக்குள் வழியும். ஒன்பது, பத்து லிட்டர் வழிந்தால் உள்ளே இருப்பது சிமென்ட். எங்களுக்கு வந்தது அதுதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. போட்டி ரக ஸ்டீல் கெட்டில்பெல்கள் எல்லா எடையிலும் ஒரே அளவுதான், உருண்டை ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் விட்டம். எட்டு கிலோவும் 32 கிலோவும் பக்கத்தில் வைத்தால் நிறத்தில்தான் வித்தியாசம்: 8 இளஞ்சிவப்பு, 12 நீலம், 16 மஞ்சள், 20 ஊதா, 24 பச்சை, 28 ஆரஞ்சு, 32 சிவப்பு. எடை குறையக் குறைய உள்ளே வெற்றிடம் கூடும். அந்த ரகத்துக்குச் சுற்றளவுக் கணக்கும் தண்ணீர்க் கணக்கும் பொருந்தாது. அங்கே செய்ய வேண்டியது காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பது. எடை தேற்ற உள்ளே குண்டோ துகளோ போட்டு அடைத்திருந்தால் கடகடவென்று கேட்கும். சத்தம் வந்தால் திருப்பிக் கொடுங்கள். ஸ்விங்கில், அதாவது காலிடுக்கிலிருந்து முன்னால் வீசும் பயிற்சியில், உள்ளே சரக்கு நகர்ந்தால் மணிக்கட்டு அதைத் தாங்காது.

சிமென்ட் என்றால் மலிவு, அவ்வளவுதானே என்று விடக் கூடாது. தரையில் வைத்துத் தூக்கி வைக்கிற பயிற்சிக்குச் சிமென்ட் போதும். ஸ்விங்குக்கு ஆகாது. ஸ்விங்கின் அடிப்பகுதியில், கை கால்களுக்கு நடுவே பின்னால் போய்த் திரும்பும் நேரத்தில், கைப்பிடியில் விழும் இழுவை கெட்டில்பெல்லின் எடையைப் போல இரு மடங்குக்கும் மேல். வார்ப்பிரும்பில் கைப்பிடியும் உருண்டையும் ஒரே வார்ப்பு. சிமென்டில், வளைத்த குழாயின் இரண்டு முனைகளும் காய்ந்த சிமென்டுக்குள் நான்கைந்து சென்டிமீட்டர் புதைந்திருக்கின்றன, பிடிமானம் அவ்வளவே. சிமென்டுக்கு அமுக்கம் தாங்கும், இழுவை தாங்காது. சில நூறு ஸ்விங்கில் குழாயைச் சுற்றி மயிரிழை விரிசல் விடும், வினைல் அதை மூடிவிடும். வெளியே தெரியும் அறிகுறி ஒன்றே ஒன்று: கைப்பிடி உருண்டைக்குள் இறங்கும் இடத்தில், வினைல் மடிப்பில் சாம்பல் நிறப் பொடி சேரும். வந்த 24-ல் புதிதாகப் பிரித்தபோதே விரலில் ஒட்டுகிற அளவுக்கு அந்தப் பொடி இருந்தது. உங்கள் வீட்டில் இருப்பதிலும் பொடி இருந்தால் இன்றோடு ஸ்விங்கை நிறுத்துங்கள். இந்தத் தடிமனுக்குத் தொடை நடுவிலும் இடம் போதாது; முட்டாமல் இருக்கக் காலை அகட்டுவோம், இடுப்பு மடங்குவதற்குப் பதில் முதுகு வளையும்.

16 கிலோ மெய்யாகவே வார்ப்பிரும்பு. ஆனால் வார்ப்பு மோசம். கைப்பிடியின் உள்விளிம்பில் விரலை ஓட்டினால் கத்தி முனை போல ஒரு கோடு தட்டுப்பட்டது. அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் உருகிய இரும்பு கசிந்து உறைந்த பிசிறு அது. அதை அரைத்து எடுப்பது பவுண்டரியின் வேலை. எடுக்காமல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். இப்படியே ஸ்நாட்ச் செய்தால் விரலடிக் காய்ப்பு கிழிந்து தொங்கும். கைப்பிடியின் வேருக்கு அருகில் ஒரு இடம் மட்டும் மழமழவென்று இருந்தது. ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டினோம். மற்ற இடமெல்லாம் கணீரென்றது, அங்கே மட்டும் மொத்தென்றது. சுரண்டியதும் பெயிண்டுக்கு அடியில் பட்டி. பட்டிக்கு அடியில் சுண்டுவிரல் நுனி போகும் அளவு காற்றுக்குழி. காருக்கு டிங்கரிங் செய்யும்போது பள்ளத்தை நிரப்புகிற அதே பட்டியை, எடை தாங்க வேண்டிய கழுத்தில் பூசி விற்றிருக்கிறார்கள். எங்களுக்கு மிகுந்த கோபம் வந்தது இங்கேதான். சிமென்டை இரும்பு என்று விற்றால் பணம் போகும். கழுத்துக் குழியைப் பட்டியால் மறைத்தால், தூக்குகிறவர் தலைக்கு மேல் உடையும்.

பிசிறு மட்டும் இருந்தால் வீட்டிலேயே சரிசெய்யலாம். அரைவட்ட அரத்தால் உள்வளைவோடு ஒரே திசையில் தேயுங்கள். பிறகு 80 நம்பர், 120 நம்பர் உப்புத்தாள். முழுக்க வழவழப்பாக்கிவிடாதீர்கள், வியர்வையில் வழுக்கும். வெறும் இரும்பாகவே விட்டுவிட்டு, துருப்பிடிக்காமல் இருக்கத் துணியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். கழுத்தில் பட்டியிருந்தால் பழுது பார்க்கும் பேச்சே வேண்டாம், திருப்பி அனுப்புங்கள். கைப்பிடித் தடிமனையும் பாருங்கள். போட்டி ரகத்தில் 33 அல்லது 35 மில்லிமீட்டர். உருண்டைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஐந்தரை சென்டிமீட்டர் இடைவெளி இல்லாவிட்டால், கிளீன் செய்து, அதாவது கீழிருந்து தூக்கி, மார்பருகே நிறுத்தும்போது உள்ளங்கை முழுதாக நுழையாது, மணிக்கட்டு பின்னால் மடங்கும்.

இனி மணல் பை. படத்தில் உப்பிப் பெருத்த பை, கீழே 40 கிலோ. வந்தது மடித்த வெறும் பை, மணல் நாம்தான் போட வேண்டும். அது பரவாயில்லை, எல்லா மணல் பையும் அப்படித்தான் வரும். ஆனால் இந்தப் பையின் நீளம் 50 சென்டிமீட்டர், விட்டம் 20. கணக்குப் போட்டால் 15.7 லிட்டர். காய்ந்த மணல் லிட்டருக்கு ஏறத்தாழ 1.6 கிலோ. திணித்து நிரப்பினாலும் 25 கிலோ. 40 கிலோவுக்கு 25 லிட்டர் இடம் வேண்டும், கொஞ்சம் இளக்கம் விட 30 லிட்டர். அதாவது 60 நீளம், 25 விட்டம். வாங்கும் முன் நீள விட்டத்தைக் கேளுங்கள், சொல்லாதவரிடம் வாங்காதீர்கள். வீட்டில் ஓர் அளவுகோல் இருக்கவே இருக்கிறது: 20 லிட்டர் தண்ணீர் கேன் நிறையக் காய்ந்த மணல் 32 கிலோ. அந்தக் கேனைவிடச் சிறிய பை 40 கிலோ கொள்ளாது.

இளவட்டக்கல்லை மடியில் ஏற்றி, அணைத்து, தோளுக்குத் தள்ளுவார்களே, மணல் பைக்கும் அதே வேலைதான். சுமை எல்லாம் தையலில் விழும். வந்த பையில் கைப்பிடி நாடா, பையைச் சுற்றி ஓடாமல், உள்ளங்கை அகலத் துண்டாக ஒற்றைத் தையலில் ஒட்டிக்கொண்டிருந்தது. 20 கிலோ போட்டு ஐந்தாறு முறை தூக்கியதும், ஊசித் துளைகள் ஒவ்வொன்றும் அரிசி போல நீண்டன. இரண்டு துளைகள் சேர்ந்து கிழிசலானது. மணல் நிரப்பும் உள்பையின் வாயில் ஒரு விரல் அகல வெல்க்ரோ மட்டும். மணல் துகள் புகுந்தால் வெல்க்ரோ பிடிக்காது. முழங்கால் உயரத்திலிருந்து போட்டபோது வாய் திறந்து, வெளி ஜிப்பின் பல் வழியே மணல் கொட்டியது. தலைக்கு மேல் அது நடந்தால் கண்ணில்தான் விழும்.

பையைத் திருப்ப முடியாதவர்கள் கார் சீட் கவர் தைக்கும் கடைக்குப் போங்கள். தடித்த துணியும் ரெக்ஸினும் தைக்கிற மெஷினும் நைலான் நூலும் அங்கே இருக்கும். 5 சென்டிமீட்டர் அகல நாடாவைப் பையின் வயிற்றைச் சுற்றி முழு வளையமாக ஓடவிட்டு, கைப்பிடி தொடங்கும் இடங்களில் கட்டமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தைக்கச் சொல்லுங்கள். புதிதாகவே தைப்பதானால் 1000 டெனியர் (நூலின் தடிமன் அளவு) நைலான், 10 நம்பர் ஜிப். இன்னும் எளிது லாரி டியூப். ஒரு துண்டு வெட்டி, உள்ளே உள்ள பவுடரைக் கழுவி, ஒரு முனையை இரண்டாக மடித்து ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டி, மணல் போட்டு மறு முனையையும் அப்படியே கட்டினால் அசையாது.

மணலும் முக்கியம். எம்சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) என்றால் தண்ணீர் தெளியும் வரை அலசி, தார்ப்பாயில் இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். அலசாத எம்சாண்டில் உள்ள கல்தூள் தையல் வழியே புகையாக வரும். அறைக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு பயிற்சி செய்கிறவர் நுரையீரலுக்கு அது நேரடிக் கேடு. ஈர மணல் இன்று காட்டுகிற எடை அடுத்த வாரம் இருக்காது, பையும் பூஞ்சை பிடிக்கும். கடற்கரை மணல் உப்பால் ஈரம் இழுக்கும், அள்ளவும் தடை. உள்பை ஒன்றுக்குப் பத்து கிலோ, மூன்றில் ஒரு பங்கு காலியாக விட்டு, காற்றை வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்து இரண்டு ஜிப் டை.

விற்றவர் சொன்ன பதில்: பிரித்துப் பயன்படுத்தியதால் திரும்பப் பெற மாட்டோம். விளம்பரத்துக்கு மாறான பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஆர்டர் போடும் அன்றே விளம்பரப் பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். புகார் போன மறுநாள் இவர்கள் பக்கத்தில் ‘வார்ப்பிரும்பு’ என்ற சொல் மறைந்து ‘உறுதியான கூட்டுப்பொருள்’ ஆகிவிட்டது.

இதே சிமென்ட் கெட்டில்பெல் இப்போது சாம்பல் நிற வினைலில், வேறு பெயரில் ஓடுகிறது. அடையாளம்: கைப்பிடி உருண்டையில் இறங்கும் இரண்டு இடத்திலும் வினைலில் மூன்று வளைய மடிப்பு, அடியில் நான்கு சிறு ரப்பர் புள்ளிகள், எண் உருண்டையில் பொறிக்கப்படாமல் ஸ்டிக்கராக ஒட்டப்பட்டிருக்கும்.