பாரிமுனையில் ஒரு ஞாயிறு நடை: ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம்

ஆண்டர்சன் தெருவில் பேப்பர் கடையில் 27 வருஷம் வேலை பார்த்தவன் நான். அந்தப் பக்கத்தைக் காசு கொடுத்துச் சுற்றிப் பார்ப்பதா என்று வீட்டில் சிரித்தார்கள். மகள்தான் வழிகாட்டியோடு போகும் இந்த வரலாற்று நடைக்குத் தலைக்கு 400 ரூபாய் கட்டிப் பெயர் கொடுத்துவிட்டாள். காலை ஆறரைக்கு பாரிமுனையில் ஆரம்பம், ஒன்பதரைக்கு முடிந்தது.

முதல் நிறுத்தத்திலேயே அசடு வழிந்தேன். டேர் ஹவுஸ் மூலையில் நிற்கும் தூணைத் தினமும் தாண்டிப் போயிருக்கிறேன், ஏதோ சமாதி என்று நினைத்துக்கொண்டு. அது எல்லைத் தூணாம். செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் 1746-ல் பிடித்து, 1749-ல் திரும்பக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் ஆங்கிலேயர்கள், பீரங்கிக்கு மறைவே இருக்கக் கூடாது என்று கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரத்தை (நம் ஆட்கள் குடியிருந்த பகுதி) இடித்துத் தள்ளியிருக்கிறார்கள். அங்கிருந்த சென்னக்கேசவப் பெருமாள் கோயிலும் போனது. இன்று தேவராஜ முதலி தெருவில் இருப்பது பிறகு கட்டியது. இந்த எல்லைக்குள் யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773-ல் ஆறு தூண் நட்டார்கள், மிச்சம் இது ஒன்றுதான். அந்த வெற்று நிலத்தில்தான் பின்னாளில் ஹைகோர்ட் வந்தது.

வழிகாட்டிப் பையன் நன்றாகப் பேசுகிறான், தெரியாததைத் தெரியாது என்கிறான். ஹைகோர்ட் மதிலில் உள்ள எம்டன் கல்வெட்டுக்கு முன்னால், 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் குண்டு போட்டதையும் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகள் எரிந்ததையும் சொன்னான். "எங்க பாட்டி என்னை 'சரியான எம்டன்டா நீ'ன்னுதான் திட்டும் தம்பி" என்றேன். "சார், இதை இனிமே நானும் சொல்லிக்கவா?" என்று நோட்டில் எழுதிக்கொண்டான். அதற்கே அரை நட்சத்திரம் கூடப் போடலாம்.

குறை இல்லாமல் இல்லை. ஒரு பையனுக்கு 28 பேர் ரொம்ப அதிகம். தம்புச் செட்டித் தெருவுக்குள் நுழைந்ததும் மைக் படுத்துவிட்டது. காளிகாம்பாள் கோயில் வாசலில் சிவாஜி 1677-ல் வந்து கும்பிட்ட கதை முன்வரிசையோடு சரி, பின்னால் நின்ற எங்களுக்கு மீன்பாடி வண்டிக்காரரின் வசவுதான் கேட்டது. கையில் கொடுத்த வரைபடம் முழுக்க ஆங்கிலம், எழுத்தும் எறும்பு சைஸ். தங்கசாலை என்று நாங்கள் சொல்லும் தெருவை மின்ட் ஸ்ட்ரீட் என்று மட்டும் போட்டால் எங்கள் ஆட்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? தமிழில் ஒரு தாள் அடிக்க எவ்வளவு ஆகும் என்று ஆண்டர்சன் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆர்மேனியன் தேவாலயத்தில் நல்ல நிழல், உட்காரலாம். அதுவரை கழிப்பறைக்கு வழியில்லை, சர்க்கரைக்காரர்கள் கவனம்.

அடுத்த மாதம் மனைவியோடு மறுபடி போகிறேன். இந்தத் தடவை முன்வரிசை.