கிட் அழைக்கும்போது எந்த எடிட்டர் ஒழுங்காக நடந்துகொள்கிறது: விஎஸ் கோட், நானோ, விம்

நிரலில் செய்யும் மாற்றங்களைக் கண்காணிக்கும் கருவியான கிட்டில், அவற்றை ஒரு செய்தியுடன் பதிவுசெய்யும் கமிட் கட்டளையைக் கொடுத்ததும், அந்தச் செய்தியை எழுத விஎஸ் கோட் திறக்கிறது. ஓர் எழுத்தைக்கூடத் தட்டுவதற்குள், செய்தி காலியாக இருப்பதால் கமிட் கைவிடப்பட்டது என்று டெர்மினலில் கிட் அறிவித்துவிடுகிறது. இந்தத் தொல்லையால் மூன்று எடிட்டர்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய நான், இப்போது விம்மில் நிலைத்துவிட்டேன்.

கிட் ஒரு கோப்பை உருவாக்கி, எடிட்டரை இயக்கி, அந்த புராசஸ் (இயங்கும் நிரல்) முடியும்வரை காத்திருந்து, பின்னர் அதே கோப்பைப் படிக்கிறது. விஎஸ் கோட்டின் கட்டளையோ கோப்பைச் சாளரத்திடம் ஒப்படைத்துவிட்டு உடனே முடிந்துவிடுகிறது. எந்த எடிட்டரைத் திறப்பது என்று கிட்டுக்குச் சொல்லும் கோர்.எடிட்டர் அமைப்பில் 'கோட் --வெயிட்' என்று எழுதினால், அந்த டேப்பை மூடும்வரை கிட் காத்திருக்கும். விம்மின் தனிச் சாளர வடிவமான ஜிவிம்மிலும் இதே கோளாறு உண்டு. அதற்கு '-எஃப்' சேர்க்க வேண்டும். பழைய கமிட்களைப் பட்டியலிட்டு மாற்றியமைக்கும் இன்டராக்டிவ் ரீபேஸில் இது இன்னும் மோசமாகிறது: பட்டியலை நாம் பார்ப்பதற்கு முன்பே, அதை மாற்றமின்றி ஏற்றுக்கொண்டு கிட் வேலையை முடித்துவிடும்.

நானோவில் இந்தச் சிக்கலே இல்லை. டெர்மினலிலேயே இயங்குகிறது, பயன்படுத்தும் விசைகள் திரையின் அடியிலேயே தெரிகின்றன. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இதையே சொல்வேன்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது, தொடங்கியதை நடுவில் கைவிடும் வழிதான். கடைசி கமிட்டைத் திருத்த 'அமெண்ட்' கொடுத்துவிட்டு, வேண்டாம் என்று மனம் மாறுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கோப்பில் பழைய செய்தி ஏற்கெனவே இருப்பதால், விஎஸ் கோட்டிலோ நானோவிலோ சேமிக்காமல் மூடினாலும் அந்தச் செய்தியுடனேயே திருத்தம் நிறைவேறிவிடும்; தடுக்க வேண்டுமானால் செய்தி முழுவதையும் அழித்துச் சேமித்துவிட்டு மூட வேண்டும். விம்மில் ':சிக்யூ' என்று கொடுத்தால், எடிட்டர் பிழைக் குறியீட்டுடன் வெளியேறுகிறது. கிட் அதைப் பார்த்து கமிட்டை நிறுத்திவிடுகிறது. ரீபேஸ் பட்டியலிலும் இதே கட்டளை காப்பாற்றும். மற்றவர்களுடன் பகிர்ந்துகொள்ளும் கிளையில் (கமிட்களின் தொடரில்) வேலை செய்பவருக்கு இந்த ஒரு வசதி, விம்மைக் கற்கும் சிரமத்தை ஈடுசெய்துவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அதே பிழைக் குறியீடு மேக்கில் எதிராகவும் வேலை செய்யக்கூடும். அங்கு 'விஐ' என்ற பெயரில் விம் இயங்கும்போது, இடையில் ஒரு கட்டளையைத் தவறாகத் தட்டியிருந்தால், முறையாகச் சேமித்து வெளியேறிய பிறகும் எடிட்டரில் சிக்கல் என்று கிட் மறுத்துவிடும். கோர்.எடிட்டரில் 'விம்' என்றே குறிப்பிட்டால் இது தீரும்.

மாற்றிய பின்னும் பழைய எடிட்டரே திறந்தால், 'கிட் வார் கிட்_எடிட்டர்' என்ற கட்டளை எது தேர்வாகியிருக்கிறது என்பதைக் காட்டும். கிட்_எடிட்டர் என்ற சூழல் மாறி (நிரல்கள் படிக்கும்படி ஒரு பெயரில் வைக்கப்படும் மதிப்பு) கோர்.எடிட்டரை மீறிவிடும் என்பதால், டெர்மினலில் கட்டளைகளை ஏற்கும் ஷெல்லின் தொடக்கக் கோப்பில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். விண்டோஸில் சில மாதங்களே பணியாற்றியிருக்கிறேன். அங்கு எனக்கு நேர்ந்த ஒரே சிக்கல், எடிட்டரின் பாதையில் இடைவெளி இருந்ததுதான். பாதையை மேற்கோள் குறிக்குள் இட்டதும் அது சரியாகிவிட்டது.