யாங்கோன் சனிக்கிழமை தானியேல் வகுப்பு

2008-இல் நர்கிஸ் புயல் அடித்தபோது, "இதுதான் முடிவு" என்ற ஒரு போதகரை நம்பி அம்மா வளையலை விற்றுக் காணிக்கை போட்டார். அந்த வலியோடுதான் எங்கள் சபையின் வேதாகம (பைபிள்) வகுப்புக்குப் போனேன். ஆறு வாரம், கட்டணம் இல்லை.

மூன்றாம் வாரம் அருமை. தானியேல் 8:14-இன் 2300 நாளை ஆண்டுகளாக எடுத்து, கி.மு. 457-இலிருந்து எண்ணி, இயேசு திரும்பி வருவார் என்று அமெரிக்கப் போதகர் வில்லியம் மில்லர் 1844-க்கு வந்த கணக்கை, வகுப்பு எடுத்த ஐயா பலகையில் போட்டுக் காட்டினார். அவர்கள் எதிர்பார்த்த அக்டோபர் 22 வந்தது, போனது. ஒன்றும் நடக்கவில்லை. "நாளை ஆண்டாக்க யார் சொன்னது?" என்று பின்வரிசை அக்கா கேட்டார். ஐயா எசேக்கியேல் 4:6-ஐக் காட்டினார். அப்புறம், கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க அரசன் அந்தியோகஸ் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய காலத்தையே வசனம் சொல்கிறது என்பாரின் வாதத்தையும் பொறுமையாக விளக்கினார்.

வெளிப்படுத்தின விசேஷத்தை ஒரே வாரத்தில் முடித்தது பெரிய குறை. அடுத்த வகுப்புக்கு அம்மாவையும் கூட்டிப் போகிறேன்.