மேல்முதுகு வலிக்கு டென்ஸ் 7000: பெட்டியில் குறையில்லை, பேடில்தான் கவனம் வேண்டும்

டென்ஸ் என்பது தோலில் ஒட்டும் பேட் வழியாக லேசான மின்துடிப்பு செலுத்தி வலியைத் தணிக்கும் கருவி. மேல்முதுகு வலிக்கு அதைத் தேடினால் இரண்டு வகை கண்ணில் படும். ஒன்று யுஎஸ்பியில் சார்ஜ் ஆகும் கையடக்க மசாஜர். மற்றது 9 வோல்ட் சதுர பேட்டரி போடும், டென்ஸ் 7000 போன்ற இரண்டு சேனல் பெட்டி (சேனல் என்பது இரண்டு பேடுக்கு மின்துடிப்பு தரும் தனி இணைப்பு). இரண்டாவது பார்ப்பதற்குப் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ மாதிரி இருக்கும். இருந்தாலும் அதையே வாங்கச் சொல்வோம். மலிவான மசாஜர் பலவற்றில் ‘மோட் 1, மோட் 2’ என்று மட்டுமே திரையில் வரும். எத்தனை ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை துடிப்பு ஓடுகிறது என்று தெரியாது. டென்ஸ் 7000-இல் துடிப்பு வேகத்தை 2 முதல் 150 ஹெர்ட்ஸ் வரையும், துடிப்பின் அகலத்தை (ஒரு துடிப்பு நீடிக்கும் நேரத்தை) 50 முதல் 300 மைக்ரோசெகண்ட் வரையும் நாமே வைக்கலாம். சேனலுக்கு ஒரு குமிழ் இருப்பதால் வலி கூடுதலான பக்கத்துக்கு மட்டும் கூட்டிக்கொள்ளலாம்.

முதலில் நார்மல் மோட், 100 ஹெர்ட்ஸ், 200 மைக்ரோசெகண்ட், டைமர் 30 நிமிடம் என்று ஆரம்பியுங்கள். குறுகுறுப்பு அழுத்தமாகத் தெரிய வேண்டும். வலிக்கவும் கூடாது, தசை துள்ளவும் கூடாது. பயந்துகொண்டு லேசாக வைத்துவிட்டு ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்பவர்கள்தான் அதிகம். பத்து நிமிடத்தில் உடம்பு பழகி உணர்வு மங்கிவிடும், அப்போது குமிழை ஒரு பொட்டு கூட்டுங்கள். அடிக்கடி கூட்ட அலுப்பாக இருந்தால் மாடுலேஷன் மோட் போடலாம். துடிப்பு தானாக மாறிக்கொண்டே இருப்பதால் பழகுவது குறையும். 2 முதல் 4 ஹெர்ட்ஸில் தசை துள்ளுமளவு வைப்பது இன்னொரு முறை. நாள்பட்ட இறுக்கத்துக்கு அதைப் பார்க்கலாம், புதிதாகப் பிடித்துக்கொண்ட முதுகுக்கு வேண்டாம்.

பேட் ஒட்டுவதில்தான் பாதி வேலை. ஒரு சேனலின் இரண்டு பேடும் முதுகின் ஒரே பக்கம் இருக்கட்டும்: ஒன்று கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள சதையில், மற்றது முதுகெலும்புக்கும் தோள்பட்டை எலும்புக்கும் இடையில். எலும்பின் மேலேயே ஒட்டினால் சுருக்கென்று குத்தும். இரண்டு பேடுக்கும் நடுவே ஒரு பேட் அகலமாவது இடைவெளி விடுங்கள். இந்த இடம் சொந்தக் கைக்கு எட்டாது, ஒட்ட வீட்டில் ஒருவர் வேண்டும். தானே முயன்றால் பேடின் மூலை மடங்கும். அத்தனை மின்னோட்டமும் மீதிப் பரப்பு வழியாகப் பாய்வதால் அந்த இடம் எரியும். ‘மெஷின் ஷாக் அடிக்குது’ என்ற புகாரில் பெரும்பாலானது இதுதான்.

தைலமோ பாமோ தடவிய முதுகில் ஒட்டவே கூடாது. எண்ணெய்ப் பசை போக சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் காய்ந்து, ஃபேனடியில் வியர்வை அடங்கிய பிறகு ஒட்டுங்கள். முடி இருந்தால் கத்தரியால் வெட்டினால் போதும். ஷேவ் செய்த கீறலில் எரிச்சல் தாங்காது. முடிந்ததும் குமிழை ‘க்ளிக்’ கேட்கும்வரை திருப்பி அணைத்துவிட்டு, வயரைப் பிடித்து இழுக்காமல் விளிம்பைப் பிடித்து உரியுங்கள். ஜெல் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி, கூட வந்த பிளாஸ்டிக் தாளிலேயே ஒட்டி, ஜிப் கவரில் போடுங்கள். ஒழுங்காக வைத்தால் 20, 30 தடவை வரும். நம் ஊர் வெயிலில் அதுவே அதிகம்.

அடுத்துப் பழுதாவது வயர். பின் சேரும் இடத்தில் மடங்கி மடங்கி உள்ளே கம்பி அறும். குறுகுறுப்பு விட்டு விட்டு வந்தால் கருவி ஓடும்போதே வயரை ஆட்டிப் பார்க்காதீர்கள், திடீரென்று தொடர்பு கிடைத்து உதறிப்போடும். இரண்டு குமிழையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். முழுசாக வைத்தும் உணர்வு வலுவில்லை என்றால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது ஜெல் காய்ந்திருக்கும்.

வலியின் காரணத்தை இது சரிசெய்யாது. 381 ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வந்த அலசல், கருவி ஓடும்போதும் நிறுத்திய உடனேயும் வலி குறைவதாகச் சொல்கிறது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்போ கீழ்முதுகு வலிக்கு டென்ஸ் தர வேண்டாம் என்று 2016-இலேயே சொல்லிவிட்டது. ஆகவே, வலி தணிந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் தோள், கழுத்துப் பயிற்சிகளை முடித்துக்கொள்வதுதான் காசுக்கு ஏற்ற பலன்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் தொடவே வேண்டாம். வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. கழுத்தின் முன்பக்கம் ஒட்டுவதும், நெஞ்சில் ஒன்று முதுகில் ஒன்று என்று ஒட்டுவதும் ஆபத்து. வண்டி ஓட்டும்போதும் தூங்கும்போதும் போடாதீர்கள். முதுகு வலியோடு நெஞ்சு அடைப்பு, வியர்வை, இடது கை வலி வந்தால் கருவியைத் தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சல், எடை குறைவு, கால் மரப்பு இருந்தாலும் முதலில் டாக்டர்தான்.

வாங்கும்போதே கூடுதலாக ஒரு செட் பேட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 5 செ.மீ. சதுரம், 2 மி.மீ. பின் வகை என்று பார்த்து வாங்குங்கள். பட்டன் வைத்த பேட் இந்த வயரில் சேராது.