முத்து மாலைக்கு எந்த விலையில் இன்ஷூரன்ஸ்? அட்டை, லேப் ரிப்போர்ட், வேல்யூவர், பில்: ஓர் அலசல்

ஆன்லைனில் முத்து மாலை வாங்கினால் பெட்டிக்குள் பெரும்பாலும் ஒரு அட்டையும் இருக்கும். பில்லில் 52,000 ரூபாய் என்றால், அட்டையில் ‘மதிப்பு 1,30,000’ என்று பளபளவென்று அச்சடித்திருப்பார்கள். பாதி விலைக்கும் கீழே அடித்துவிட்டோம் என்று மனசு குளிரும். மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் பக்கம் கல்யாணத்துக்கு நகை சேர்க்கிற வீடுகளில் அடுத்து வரும் கேள்வி: “இந்த அட்டையை வெச்சே இன்ஷூரன்ஸ் எடுத்துடலாமா?”

வேண்டாம். அந்த அட்டை விற்றவரே எழுதியது. எவ்வளவு பெரிய தொகை போட்டாலும் அவருக்குச் செலவில்லை. தங்கத்துக்கு அன்றாடம் கிராம் விலை இருப்பதால் யாரும் இஷ்டத்துக்கு எழுத முடியாது. முத்துக்கு அப்படி ஒரு விலை கிடையாது. அளவு, வடிவம், நிறம், பளபளப்பு, மேற்பரப்பின் சுத்தம், மேலடுக்கின் (நேக்கர் எனும் இயற்கைப் படலத்தின்) தரம், சரத்தில் முத்துகள் ஒன்றோடொன்று பொருந்தும் விதம் என ஏழும் சேர்ந்துதான் விலை. இந்த ஏழில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் வெறும் தொகையைப் போடும் அட்டையை நான் விளம்பரத் தாளாகத்தான் பார்ப்பேன். கொக்கியில் இருக்கும் ஹால்மார்க்கும் தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே, முத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

லேப் ரிப்போர்ட் வேறு ஜாதி. மும்பைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி: ஜிஐஏ எனும் அமெரிக்க ரத்தினவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இங்கேயே இருக்கிறது. தானாக உருவான இயற்கை முத்தா, மனிதர் சிப்பிக்குள் உருவாக்க வைத்த வளர்ப்பு முத்தா, கடல் முத்தா நன்னீர் முத்தா, சாயம் ஏற்றியதா என்று எக்ஸ்-ரே உள்ளிட்ட சோதனைகள் செய்து சொல்வார்கள். ஆனால் ரூபாய் எழுத மாட்டார்கள். ஜப்பானின் அகோயா முத்தில் ‘ஹனடாமா’ எனும் உயர் ரகத்துக்கு டோக்கியோவின் பேர்ல் சயன்ஸ் லேபரட்டரி கொடுக்கும் சான்றிதழும் தரத்துக்கானதுதான், விலைக்கானது அல்ல. ஐந்தாயிரம் ரூபாய் சீன நன்னீர் முத்துச்சரத்தை லேபுக்கு அனுப்புவது வீண்செலவு. ‘பஸ்ரா முத்து (வளைகுடாக் கடலின் இயற்கை முத்து), பாட்டி காலத்துச் சரக்கு’ என்று ஒருவர் லட்சங்களில் விலை சொல்கிறாரா? அங்கே ரிப்போர்ட் இல்லாமல் பணத்தைத் தொடாதீர்கள். இயற்கை முத்துக்கும் வளர்ப்பு முத்துக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். வெறும் கண்ணால் பிரித்துச் சொல்கிறேன் என்பவரை நான் நம்ப மாட்டேன்.

மூன்றாவது, அரசு பதிவு பெற்ற வேல்யூவர், அதாவது நகையை மதிப்பிடுபவர். இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்பது பெரும்பாலும் இவருடைய சான்றிதழைத்தான். பலர் தங்கத்திலும் வைரத்திலும் கெட்டி, முத்தில் சுமார். ‘முத்து மாலை 1, எடை 40 கிராம்’ என்று எழுதிய சான்றிதழ் கிளெய்ம் நேரத்தில் கைகொடுக்காது. என்ன ரகம், எத்தனை மில்லிமீட்டர், எத்தனை முத்து, சரத்தின் நீளம், பளபளப்பு, பொருத்தம், கொக்கியின் உலோகம், கூடவே ஒரு போட்டோ, இவ்வளவும் இருக்க வேண்டும். எதற்கான மதிப்பு என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். அதே மாதிரி மாலையைத் திரும்ப வாங்க ஆகும் தொகை ஒன்று, விற்றால் கிடைக்கும் தொகை வேறொன்று. பழைய நகையை மாற்றப்போனால் முத்தின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும் காசு தரும் வழக்கம் நமக்குத் தெரியாததா? இன்ஷூரன்ஸுக்குத் தேவை முதல் தொகை. கட்டணத்தை மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கேட்டால் முன்கூட்டியே ஒரு நிலையான தொகையாகப் பேசிக்கொள்ளுங்கள். மதிப்பு ஏற ஏற அவருக்கும் லாபம் என்ற ஏற்பாடு நமக்கு நல்லதல்ல.

புதிதாக வாங்கிய மாலைக்கு என் ஓட்டு சாதாரண ஜிஎஸ்டி பில்லுக்குத்தான். போன வாரம் 52,000க்குக் கிடைத்த பொருள் இந்த வாரமும் ஏறக்குறைய அதே விலைக்குக் கிடைக்கும். வெளிநாட்டுத் தளத்தில் வாங்கியிருந்தால் சுங்க வரி கட்டிய ரசீதையும் சேர்த்து வையுங்கள், திரும்ப வாங்கினால் அந்த வரியையும் மறுபடி கட்ட வேண்டியிருக்கும். “கூட்டிப் போட்டால் கூடுதலாகக் கிடைக்குமே” என்பவர்கள் உண்டு. திரும்ப வாங்கும் விலையைத் தரும் பாலிசியில் காப்பீட்டுத் தொகை ஒரு உச்சவரம்பு, அவ்வளவுதான். பிரீமியம் 1,30,000க்குக் கட்டுவீர்கள், இழப்பை மதிப்பிட வரும் சர்வேயர் 52,000 என்று எழுதுவார். மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் பாலிசியில், தெரிந்தே கூட்டிச் சொன்னது வெளியே வந்தால் கிளெய்மே ஆடிப்போகும்.

அடுத்தது பாலிசி. 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா வீட்டுக் காப்பீட்டில் நகைக்கு விருப்பப் பிரிவு உண்டு. மொத்தம் 5 லட்சத்துக்குள், ஒரு பொருள் 1 லட்சத்துக்குள் என்றால் மதிப்பீட்டுச் சான்றிதழே வேண்டாம். அதாவது நம் 52,000 மாலைக்கு வேல்யூவர் செலவு மிச்சம். அந்த அட்டையை நம்பி 1,30,000 என்று போட்டால்தான் சான்றிதழ் தேட வேண்டி வரும்! ஆனால் இந்தப் பாலிசி தீ, வெள்ளம், நிலநடுக்கம் மாதிரியான ஆபத்துகளுக்கானது. மும்பையில் 2005 ஜூலை 26 அன்று வந்த மாதிரி ஒரு வெள்ளம் வந்தால் உதவும். அடிப்படைப் பாலிசியில் திருட்டு என்பது அப்படி ஒரு ஆபத்தைத் தொடர்ந்து ஏழு நாளுக்குள் நடந்தால் மட்டுமே. பூட்டை உடைத்து எடுத்துப் போனால் தனியாகத் திருட்டுக் காப்பீடு வேண்டும்.

தாதரில் லோக்கல் ஏறும்போது கழுத்திலிருந்து போனால் அதுவும் போதாது, வீட்டுக்கு வெளியேயும் செல்லும் ‘ஆல் ரிஸ்க்’ நகைக் காப்பீடு தேவை. பிரீமியம் கூடும். அலுவலகத்துக்கே மாலை போட்டுப் போகிறவர்களுக்கு அது நியாயமான செலவு, வருஷத்தில் இரண்டு கல்யாணத்துக்குப் போடுகிறவர்களுக்கு லாக்கர் போதும். லாக்கர் இன்ஷூரன்ஸ் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். வங்கியில் தீ, திருட்டு, ஊழியர் மோசடி நடந்தால் ரிசர்வ் வங்கி விதிப்படி வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்குக்குள்தான். வாடகை 3,000 என்றால் உச்சம் 3 லட்சம், உள்ளே மற்ற நகைகளும் இருக்கின்றன.

கையெழுத்துப் போடுவதற்கு முன் கம்பெனியிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஜோடித் தோட்டில் ஒன்று தொலைந்தால் ஜோடிக்கும் தருவார்களா, ஒன்றுக்கு மட்டுமா? நிறத்தில் பொருந்தும் இன்னொரு முத்து கிடைப்பது சுலபமில்லை. அப்புறம், நூல் நைந்து அறுந்தால்? அதையும் வியர்வையோ சென்ட்டோ பட்டு முத்து மங்குவதையும் பொதுவாகத் தேய்மானம் என்று தள்ளிவிடுவார்கள். அடிக்கடி போடும் மாலை என்றால் வருஷத்துக்கு ஒருமுறை புது நூலில், முத்துக்கு முத்து முடிச்சுப் போட்டுக் கோக்கக் கொடுத்துவிடுங்கள். முடிச்சு இருந்தால் அறுந்தாலும் ஒரு முத்துதான் கீழே விழும்.