எர்த்ஸீ: உப்புத் தண்ணீரே தெருவாக இருக்கும் உலகம்

மாய உலகங்களில் நடக்கும் நாவல்களைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு மனக்குறை இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் அபூர்வ விலங்குகளும் வானளாவிய கோட்டைகளும் வந்துகொண்டே இருக்கும். ஆனால் அந்தக் கோட்டையில் வசிப்பவர்களுக்குத் தானியம் எங்கிருந்து வருகிறது, அந்த விலங்கு கதாநாயகனைத் துரத்தாத நாட்களில் எதைத் தின்று உயிர் வாழ்கிறது என்ற எளிய கேள்விகளுக்கு அந்த நாவல்களில் விடை இருப்பதில்லை. உர்சுலா கே. லெ குவின் எழுதி 1968-இல் வெளிவந்த ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’ என்ற ஆங்கில நாவலில் அந்தக் குறை இல்லை. அளவில் சிறியது, பதின்ம வயதினருக்கென்று ஒரு பதிப்பாளர் கேட்டதால் எழுதப்பட்டது. ஆயினும் இல்லாத ஒரு நிலத்தையும் அதில் வாழும் உயிர்களையும் நம்ப வைக்கும் கலையில் இதைவிடத் தேர்ந்த நாவலை நான் படித்ததில்லை.

கதை எளிமையானது. காண்ட் என்ற மலைத்தீவில் வெண்கலக் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து ஆடு மேய்த்து வளரும் சிறுவன் கெட், தன்னிடம் இயல்பாகவே மந்திர ஆற்றல் இருப்பதை அறிகிறான். ஓகியோன் என்ற அமைதியான ஆசானிடம் சில காலம் இருந்துவிட்டு, பொறுமையிழந்து ரோக் தீவின் மந்திரப் பள்ளிக்குச் செல்கிறான். அங்கே சக மாணவனிடம் தன் திறமையைக் காட்ட வேண்டும் என்ற செருக்கில், மாண்டவர் ஒருவரின் ஆவியை அழைக்க முற்பட்டு, பெயரில்லாத ஒரு நிழலை உலகுக்குள் விட்டுவிடுகிறான். அந்த நிழலிடமிருந்து ஓடுவதும், பின்னர் திரும்பி நின்று அதைத் துரத்துவதும்தான் நாவல்.

எர்த்ஸீயில் கண்டங்கள் இல்லை, எல்லாமே தீவுகள். லெ குவின் நாவலை எழுதத் தொடங்கும்போதே முதலில் வரைபடத்தைத்தான் வரைந்தார். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போக எத்தனை நாள் ஆகும், எந்தக் காற்று வேண்டும், வழியில் எங்கே குடிநீர் கிடைக்கும் என்பவை எல்லாம் கதையின் போக்கைக் கட்டுப்படுத்துவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். கெட் எங்கும் திடீரென்று தோன்றிவிடுவதில்லை. படகு பிடிக்க வேண்டும், கூலிக்குத் துடுப்பு வலிக்க வேண்டும், நனைய வேண்டும், பசிக்க வேண்டும்.

தொண்ணூறு தீவுகள் என்ற பகுதியை அவர் அறிமுகப்படுத்தும் இடத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. சின்னஞ்சிறு தீவுகள் நெருக்கமாகக் கிடக்கும் அந்தக் கடலில் பாலங்கள் மிகக் குறைவு. நடக்கப் பழகும் வயதிலேயே குழந்தைகள் துடுப்புப் போடுகிறார்கள்; பக்கத்து வீட்டில் ஒரு கோப்பைத் தேநீர் குடிக்கப் பெண்கள் நீர்ப்பாதையைப் படகில் கடக்கிறார்கள்; கூவி விற்கும் வணிகன் துடுப்பின் தாளத்துக்கேற்பக் கூவுகிறான். வீட்டுக்கு வீடு கட்டியிருக்கும் வலைகள்தான் அங்கே வழியை மறிக்கின்றன. டர்பி என்ற சிறு மீன்களுக்காக விரித்த வலைகள் அவை, அந்த மீனின் எண்ணெய்தான் அந்த மக்களின் செல்வம். இந்தப் பத்தியில் மந்திரம் ஒரு துளி கூட இல்லை. ஆனால் இதைப் படித்த பிறகு, இந்த மக்கள் டிராகன்களுக்கு அஞ்சித் தங்களுக்கென்று ஒரு மந்திரவாதியை வரவழைத்தார்கள் என்று ஆசிரியர் சொன்னால், நாம் அதையும் நம்பிவிடுகிறோம். மீன் எண்ணெய் விற்று வாழும் ஊருக்கு எது இழப்பு, எது அச்சம் என்பது நமக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

தமிழ் வாசகருக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றாது. உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் எல்லாம் நிலத்தோடு சேர்த்தே சொல்லப்பட வேண்டியவை என்று தொல்காப்பியம் கருப்பொருளை வகுத்து வைத்திருக்கிறது. குறிஞ்சி என்றால் தினையும் கிளியும் கூடவே வந்துவிடும். லெ குவினுக்கு இந்தப் பழக்கம் வேறு வழியில் வந்திருக்க வேண்டும். அவருடைய தந்தை ஆல்ஃபிரட் க்ரோபர், கலிஃபோர்னியாவின் பூர்வகுடிகளை ஆராய்ந்த புகழ்பெற்ற மானுடவியலாளர். தாய் தியடோரா க்ரோபர், யாஹி குடியின் கடைசி மனிதராகக் கருதப்பட்ட இஷியின் வரலாற்றை எழுதியவர். ஒரு மக்கள் கூட்டத்தைப் பற்றிப் பேசும்போது அவர்கள் என்ன உண்கிறார்கள், எதற்குப் பாட்டுப் பாடுகிறார்கள், யாரிடம் எதைச் சொல்லக் கூடாது என்பவற்றிலிருந்து தொடங்கும் வீட்டில் வளர்ந்தவர் அவர்.

மந்திரமும் இந்த உலகில் முதலில் ஒரு தொழில். கெட்டின் பெரியம்மா முறையில் உள்ள கிராமத்துச் சூனியக்காரி ஆடுகளை அழைக்க ஒரு பாட்டு வைத்திருக்கிறாள். அதை ஒட்டுக்கேட்டுப் பாடிப் பார்க்கும் சிறுவனை ஆடுகள் எல்லாம் நெருக்கிச் சூழ்ந்துகொள்கின்றன, அவற்றை விலக்கி அனுப்ப அவனுக்குத் தெரியவில்லை. நாவலின் முதல் மந்திரமே இப்படி ஆட்டு வாசனையோடு நடக்கிறது. பிறகு கார்காட் படையினர் ஊரைக் கொள்ளையடிக்க வரும்போது, பனிமூட்டத்தைச் சேர்த்துக் கட்டும் ஒரு சிறு வித்தையைக் கொண்டு அவன் ஊரையே மறைத்துவிடுகிறான். ஊரின் வளைவு நெளிவுகள் ஊராருக்குத் தெரியும், வந்தவர்களுக்குத் தெரியாது என்பதே அந்த வெற்றியின் காரணம். அதற்கான விலையும் உடனே வருகிறது. ஆற்றலை அளவுக்கு மீறிச் செலவழித்த சிறுவன் பேச்சற்று, உண்ணாமல், உறங்காமல் கிடக்கிறான்.

எதையும் செய்ய முடிந்த மந்திரம் கதையைக் கொன்றுவிடும் என்பதை லெ குவின் நன்கு அறிந்திருக்கிறார். எர்த்ஸீயில் ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தால்தான் அதன் மேல் அதிகாரம் வரும்; பெயர்களுக்கோ முடிவே இல்லை. பெயர்களைக் கற்பிக்கும் ஆசான் தனிக் கோபுரத்தில் இருக்கிறார். அவர் எழுதித் தரும் பட்டியலை நள்ளிரவுக்குள் மனப்பாடம் செய்துவிட வேண்டும், அதன் பின் மை மறைந்துவிடும். கல்லை வைரமாகத் தோன்றச் செய்வது சுலபம், உண்மையில் மாற்றுவதோ உலகையே மாற்றுவது என்று இன்னொரு ஆசான் எச்சரிக்கிறார். ஓகியோன் மழையை ஏவி விலக்கக் கூடியவர். அவர் அப்படிச் செய்யாமல் அடர்ந்த மரத்தடி ஒன்றைத் தேடிப் படுத்துக்கொள்கிறார், மாணவன் நனைந்து சலித்துக்கொள்கிறான். ஒரு இடத்தில் விலக்கிய மழை இன்னொரு இடத்தில் எங்கோ விழ வேண்டும் என்ற கணக்கு இந்த உலகில் இருக்கிறது.

நாவலின் பிற்பகுதியில் வரும் ஒரு சமையலறை உரையாடல் எனக்கு மிகவும் பிடித்தது. நண்பன் வெட்ச்சின் வீட்டில், யாரோ (Yarrow) என்ற பெயருடைய அவனுடைய பதினான்கு வயதுத் தங்கை, நீண்ட கடற்பயணத்துக்கு உணவு கட்டித் தருகிறாள். மந்திரவாதிகள் வேண்டியதை எல்லாம் வரவழைக்கலாமே, பிறகு ஏன் இந்த மூட்டை என்று கேட்கிறாள். மாயையால் ஆன உணவுக்கு மணமும் சுவையும் உண்டு, தின்றால் வயிறு நிறைந்ததாகவும் தோன்றும், ஆனால் உடலுக்கு வலு கிடைக்காது என்பதுதான் பதில். ஒரு பெண் குழந்தை அடுப்படியில் கேட்கும் கேள்விக்கும் விடை வைத்திருக்கும் உலகம் இது.

அதே வீட்டில்தான் ஹாரெக்கி என்ற உயிரைப் பார்க்கிறோம். உள்ளங்கை அளவே உள்ள சிறகு முளைத்த டிராகன் வகை. மற்ற ஊர்களில் சிட்டுக்குருவி எப்படியோ அப்படி இஃபிஷ் தீவின் மரங்களில் சாதாரணமாகத் திரியும் பிராணி. வெட்ச்சின் தங்கை அதை வளர்க்கிறாள். கதையின் போக்கில் அதற்கு எந்த வேலையும் இல்லை. அது இல்லாவிட்டாலும் நிகழ்ச்சிகள் அப்படியேதான் நடக்கும். அதனாலேயே அந்தத் தீவு நாம் பார்க்காத நேரத்திலும் இருந்துகொண்டிருக்கிறது என்று தோன்றுகிறது.

கெட்டின் துணையாக வரும் ஓடாக் இன்னும் சிறந்த படைப்பு. ரோக் உள்ளிட்ட நான்கே தென்தீவுகளில் காணப்படும் சிறு விலங்கு. அகன்ற முகம், பெரிய ஒளிரும் கண்கள், கூரிய பற்கள், கடுங்கோபம், ஆகவே அதை யாரும் வளர்ப்பதில்லை, அதற்குக் குரலே கிடையாது. ஒரு விலங்கியல் கையேட்டின் குறிப்பைப் போல இவ்வளவு வறட்சியாகச் சொல்லிவிட்டு, அப்படிப்பட்ட பிராணி கெட்டின் கைக்கு வந்து அமர்வதை லெ குவின் காட்டுகிறார். பின்னால் கெட் இறந்தவர்களின் எல்லைவரை சென்று நினைவிழந்து கிடக்கும்போது, எந்த மந்திரவாதியாலும் ஆகாததை அந்தப் பிராணி தன் நாக்கினால் நக்கிச் செய்துவிடுகிறது. அடிபட்ட துணையை நக்கித் தேற்றுவது விலங்கின் இயல்பு. அந்த இயல்பை மீறி அதற்கு ஒரு அற்புதத்தையும் ஆசிரியர் சேர்க்கவில்லை. அதற்கு நேரும் முடிவை இங்கே எழுதப் போவதில்லை.

பெண்டோர் தீவின் டிராகன் வேறு வகை அனுபவம். இடிந்த நகரத்தின் கோபுரத்தை நாம் கெட்டுடன் சேர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கோபுரத்தின் பகுதி என்று எண்ணியது அசைகிறது. அது டிராகனின் தோள். உருவத்தின் அளவை அடிக்கணக்கில் சொல்லாமல் இப்படி உணர்த்துவது பெரிய கைத்திறன். அதைவிடப் பெரியது அந்த உயிருக்கென்று ஒரு மனம் இருப்பது. படைப்பின் ஆதிமொழியைப் பேசும் மனிதன் பொய் சொல்ல முடியாது, டிராகனோ அதே மொழியில் உண்மையைத் திருகிப் பேச வல்லது. கெட் அதனோடு பேரம் பேசுகிறான். அவனுக்கு மிகவும் தேவையான ஒன்றை அது விலையாகக் காட்டுகிறது. பழைய வரலாறுகளைப் படித்ததில் அவன் ஊகித்து வைத்திருந்த பெயரே அங்கே அவனுக்கு ஆயுதமாகிறது. நூலகத்தில் செலவழித்த நாட்கள் போர்க்களத்தில் பயன்படுவதைப் படிக்கும்போது மனம் நிறைந்துவிடுகிறது.

உருமாற்றத்தையும் அவர் விளையாட்டாக விடவில்லை. கரடியாக உலவுவதில் மகிழ்ந்த ஒரு மந்திரவாதி மெல்ல மெல்லக் கரடியாகவே ஆகி, தன் சொந்த மகனைக் கொன்று, வேட்டையாடப்பட்டு இறந்த கதை சில வரிகளில் வருகிறது. அதைப் படித்த பின் கெட் பருந்தாகிப் பறந்ததை நினைத்தால் நமக்கு உற்சாகத்தைவிடப் பயமே மிகுதியாக வருகிறது.

குறைகளும் உண்டு. ஆஸ்கில் தீவின் கல்கோட்டைப் பகுதி நாவலிலேயே மெலிந்தது. அங்கே கெட்டைத் துரத்தும் கரிய சிறகுப் பிராணிகள் மிகப் பழைய யுகத்தைச் சேர்ந்தவை என்று மட்டும் சொல்லப்படுகின்றன. எங்கே கூடு கட்டுகின்றன, எதைத் தின்கின்றன என்று ஒன்றும் தெரியாததால், ஓடாக் தந்த நடுக்கத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட அவை தருவதில்லை. பெண்களுக்கு இந்த உலகில் இடம் குறைவு என்பது இன்னும் கனமான குறை. பெண்களின் மந்திரம் வலுவற்றது, தீயது என்ற பழமொழிகள் எந்த மறுப்பும் இல்லாமல் கடந்துபோகின்றன. பள்ளியில் மாணவியே கிடையாது. லெ குவின் பின்னாளில் இதை உணர்ந்து, 1990-இல் வந்த ‘டெஹானு’ நாவலில் அதே உலகை ஒரு பெண்ணின் பக்கமிருந்து மறுபடி பார்த்தார். மாறாக, நிறத்தைப் பொறுத்தவரை 1968-லேயே அவர் துணிந்துவிட்டார்: கெட் செம்பழுப்பு நிறத்தவன், வெட்ச் கறுப்பன், வெள்ளை நிறத்தவர்கள் கொள்ளையிட வரும் கார்காட் மக்கள். இது எங்கும் அறிவிப்பாக வருவதில்லை, போகிற போக்கில் தெரிகிறது.

சாகசம் மூச்சுவிடாமல் ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு முற்பகுதி மெதுவாகத் தோன்றலாம். உரையாடல் குறைவு, பழங்கதை சொல்லும் ஒருவரின் நிதானமான குரலில் நாவல் நகர்கிறது. ஆங்கிலம் கடினமானதன்று, வாய்விட்டுப் படிக்க ஏற்ற நடை. பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் தயங்காமல் வாங்கித் தரலாம். எர்த்ஸீயின் ஆறு நூல்களும் ஒரே தொகுதியாக, சார்ல்ஸ் வெஸ்ஸின் ஓவியங்களுடன் 2018-இல் வந்திருக்கின்றன. ஓவியங்கள் அழகானவை, குறிப்பாக டிராகன்கள்; ஆனால் அந்தக் கனமான நூலைப் படுத்துக்கொண்டு படிக்க முடியாது. முதல் முறை படிப்பவர்கள் தனி நூலாக, வரைபடம் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குவது நல்லது. கெட் எந்தத் தீவில் இருக்கிறான் என்று அடிக்கடி முன்பக்கத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.