எல்லரி குவீன் வாங்க முனீஸ்வரன் கோயில் தெரு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு எல்லோரும் மரத்தூணும் எனாமல் தூக்குச்சட்டியும் வாங்கத்தான் போகிறார்கள். அங்கே பெயர்ப்பலகை இல்லாத ஒரு கடையில், பித்தளை அண்டாக்களுக்குப் பின்னால், இரண்டு அலமாரி நிறைய ஆங்கிலத் துப்பறியும் நாவல்கள் இருக்கின்றன. கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து வியாபாரத்துக்கு, போன குடும்பங்களின் வீடுகளிலிருந்து வந்தவை. சிலவற்றில் பினாங்குக் கடை முத்திரைகூட அழியவில்லை.

போக வேண்டியது எல்லரி குவீன் தட்டுக்காக. அப்படி ஒரு எழுத்தாளர் கிடையாது. ஃபிரெடெரிக் டேனே, மேன்ஃபிரெட் லீ என்ற ஒன்றுவிட்ட சகோதரர்கள் 1929 முதல் அந்தப் பெயரில் எழுதினார்கள். கதையில் துப்பறிபவனுக்கும் அதே பெயர். 1960களில் வேறு ஆட்களும் எழுதிக் கொடுத்தார்கள். அட்டையில் அவர்கள் பெயர் இராது. கடை நடத்தும் ஆச்சியின் கணவர், காலமாவதற்கு முன், இதையெல்லாம் ஒரு பழைய பேரேட்டில் பிரித்து வைத்திருக்கிறார்: வரவில் நாவல், பற்றில் எழுதிய கை. 'தி பிளேயர் ஆன் தி அதர் சைட்' (1963) தியோடர் ஸ்டர்ஜன் பற்றில். 'அண்ட் ஆன் தி எய்த் டே' (1964) அவ்ரம் டேவிட்சன் பற்றில். நான் பார்த்த பதிவுகள் அத்தனையும் சரி.

"பற்றில் வேற்றாள் இருந்தால் பாதி விலைதான், தம்பி" என்றார் ஆச்சி. இங்கேதான் எனக்கு வழக்கு. ஸ்டர்ஜனும் டேவிட்சனும் எழுதிய இந்த இரண்டுக்கும் கதைத்திட்டம் போட்டுக் கொடுத்தவர் டேனே, துப்பறிபவனும் எல்லரியேதான். ஜாக் வான்ஸ் எழுதிய 'தி ஃபோர் ஜான்ஸ்' (1964) நாவலிலோ எல்லரி தலையே காட்டமாட்டான். இரண்டு வகைக்கும் ஒரே தள்ளுபடியா? கேட்டேன். "பேரேட்டில் அப்படித்தான் இருக்கிறது." தீர்ப்பு ஆகிவிட்டது. லாபம் என் பக்கம் என்பதால் நானும் மேல்முறையீடு செய்யவில்லை.

டேவிட்சன் எழுதியதை அறுபது ரூபாய்க்கு எடுத்தேன். முன்னட்டையிலிருந்து நாற்பதாம் பக்கம்வரை ராமபாணப் பூச்சி ஊசி நுழைத்தாற்போல் ஒரே துளை போட்டிருக்கிறது, நல்லவேளை, ஓரத்தில். இப்போது தட்டுக்குத் தட்டு வசம்பு வைத்திருக்கிறார்கள். முதுகுப் பசை காய்ந்த பிரதிகளை விரித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம், தாள் கையோடு வந்துவிடும்.

ரொக்கம் மட்டும். மதியம் சாத்திவிடுவார்கள். 1930களின் நாவல்கள் வேண்டுமென்றால் சொல்லிவைக்க வேண்டும்; ஏதாவது வீடு பிரிக்கும்போது வந்தால் எடுத்து வைக்கிறார்.